மூணு மாவுக்குக் காய்ச்சல்

கார்த்திகை ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்குத் தையல்நாயகியின் மூணு மா வயலுக்கு, ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் கண்டது. களை பறிக்க இறங்கிய பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். முந்தின நாள் முழுக்க மழை கொட்டி ஊரே ஜில்லென்று கிடக்க, அந்த ஒரு வயலின் சேறு மட்டும் கால் வைக்க முடியாமல் சுட்டது, நின்ற தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது, காற்று அசையாத நேரத்தில் பயிர் முழுவதும் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடுங்கிக்கொண்டே போய்த் திரும்பி வந்தது, நடுவில் எங்கேயோ ஆழத்திலிருந்து இரண்டு தரம் இருமல் சத்தமும் கேட்டது. பெண்கள் கரையேறி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வயலுக்கு ஒடம்பு சரியில்ல தையலு, நாங்க நாளைக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள்.

இதைக் கேட்டதும் நீங்கள் 'அதெப்படி' என்று ஆரம்பிப்பீர்கள், தெரியும். எங்களுக்கு அந்தக் கேள்வி வரவில்லை, வந்திருந்தாலும் அதற்கெல்லாம் நேரமில்லை, வயல் சுட்டுக்கொண்டு கிடந்தது. போன வாரம்தான் வேளாண்மை ஆபீஸ்காரர் வந்து அந்தக் கரையில் நின்று, "வயலக் காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுங்க" என்று, அதாவது தண்ணீரைக் கட்டு, பிறகு வடித்துக் காயவிடு, மறுபடி கட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வயல் அதைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டுவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். இருபது வருசம் தின்ற யூரியா உப்பையும் பூச்சி விஷத்தையும் திடுதிப்பென்று நிறுத்தினால் உடம்பு வேறு என்ன செய்யும், குடிகாரன் குடியை விட்டால் கை நடுங்குவதில்லையா என்று இன்னொருத்தர் சொன்னார். காரணத்தைப் பற்றின பேச்சு அத்தோடு முடிந்தது.

நான் நாடிமுத்து. நெட்டிவயல் இயற்கை விவசாயிகள் குழுவின் தலைவர் நான்தான், குழுவின் உள் ஆய்வாளரும் நானேதான். ஆசைப்பட்டு வாங்கின பதவி என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் நடந்த அன்றைக்கு வெற்றிலை வாங்க எழுந்து போனேன், திரும்பி வருவதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் இருபத்தோரு குடும்பம். யூரியா போடுவதில்லை, பூச்சிக்கு விஷம் தெளிப்பதில்லை, சாணியும் கோமியமும் வேப்பங்கொட்டையும்தான் என்று இருபத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டு, பக்கத்து வயல்காரன் தெளிப்பது காற்றில் வந்து படாமல் இருக்க எல்லையில் அகத்தி நட்டு, மூன்று வருசம் தவறாமல் நடந்தால்தான் எங்கள் நெல்லுக்கு இயற்கை நெல் என்று சான்று கிடைக்கும். இந்தச் சம்பாதான் மூன்றாவது வருசம், கடைசி வருசம். மார்கழியில் சான்று கொடுக்கிற இடத்திலிருந்து ஆய்வாளர் வந்து வயலைப் பார்த்து, ஒவ்வொரு குடும்பமும் நாள்தோறும் எழுதுகிற பண்ணைக் குறிப்பேட்டைப் படித்து, திருப்தி என்றால் சான்று. இதில் ஒரு கொக்கி உண்டு. குழுச் சான்று என்பதால் இருபத்தோரு பேரில் ஒருத்தர் தப்பு செய்தாலும் இருபத்தோரு பேரும் மறுபடி முதல் வருசத்தில் போய் நிற்க வேண்டும். மூன்று வருசம் பாதி விளைச்சலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேருக்கு மறுபடி ஒரு முதல் வருசத்தைத் தாங்குகிற தெம்பு கிடையாது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொன்னதில்லை. மருந்து என்றுதான் சொல்வோம். பயிருக்கு மருந்தடிச்சாச்சா, மருந்து வாங்கப் போறேன், மருந்தடிக்க ஆள் இருக்கா. அந்த ஆள்தான் தையல்நாயகியின் புருசன் கலியமூர்த்தி. இருபது வருசம் ஊர் முழுக்க ஒருத்தர் வயல் பாக்கியில்லாமல் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அவன்தான் தெளித்தான், மூக்கில் துண்டு கட்டச் சொன்னால் மூச்சு முட்டுது என்பான், தெளித்த கையோடு பீடி பற்ற வைப்பான். நாலு வருசத்துக்கு முந்தி ஒரு உச்சி வெயிலில் என் வயலில்தான் விழுந்தான். என் வயலில், நான் கூப்பிட்டு, நான் கலக்கிக் கொடுத்ததைத் தெளிக்கும்போது. பிழைத்துக்கொண்டான், ஆனால் அன்றிலிருந்து இரண்டு கையும் நிற்காமல் நடுங்கும்; டம்ளர் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது, தையல்நாயகிதான் ஊட்டிவிடுவாள். ஊரில் முதன்முதலில் 'இனி என் வயலுக்கு அந்தக் கண்ராவி வேணாம்' என்று சொன்னவள் அவள். இரண்டாவது ஆள் நான். ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, வயலுக்கு வருவோம். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்காமல் இருந்து எங்களுக்குப் பழக்கமில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பாதி ஊர் வந்து போனது, மறுநாள் மீதி ஊர் வந்தது. வெறுங்கையோடு வரக் கூடாது என்று சிலர் பன்னும் சாத்துக்குடியும் வாங்கி வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வரப்பில் வைத்துவிட்டுப் போனார்கள். தையல்நாயகியின் சம்பந்தி வீட்டார் பட்டுக்கோட்டையிலிருந்து கார் பிடித்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைக் கரையில் போட்டு உட்கார்ந்து, எப்பயிலேர்ந்து இப்படி இருக்கு, ராத்திரி தூங்குச்சா, எங்க ஊர்ல ஒரு கொல்லைக்கு இப்படித்தான் வந்துச்சு, பத்து நாள் இழுத்துச்சு என்று தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு பயத்தைக் கிளப்பிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூட வாத்தியார் அந்தப் பக்கமாகப் போகும்போது சைக்கிள் மணி அடிக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார். பக்கத்து வயலில் டிராக்டரை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஓட்டினவனே நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தவர்களெல்லாம், "பேரு நாடிமுத்துன்னு வச்சிருக்கியே, கொஞ்சம் நாடி புடிச்சுப் பாரேன்" என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார்கள். கடைசியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நானும் சேற்றில் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். துடித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் தேதி துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் வேதவல்லி ஸ்கூட்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தெர்மாமீட்டரைச் சேற்றில் சொருகி ஒரு நிமிசம் வைத்து எடுத்துப் பார்த்தது.

"நூத்திரெண்டு இருக்கு" என்றது. "நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டே இருங்க."

"நெத்தி எதும்மா?" என்று கலியமூர்த்தி கேட்டான்.

நர்சம்மா வயலை மேலும் கீழும் பார்த்தது. "வாய்க்கால் தண்ணி முதல்ல வந்து உழுவுற எடம் இருக்குல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு, பத்து மாத்திரை உள்ள ஒரு அட்டையை அவன் சட்டைப் பையில் வைத்து, "இது ஒங்களுக்கு. ஈரத்துல உக்காந்து உக்காந்து நீங்களும் படுத்துறாதீங்க. காய்ச்சல் வந்தா மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்பறம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

அன்றிலிருந்து கலியமூர்த்தி வீட்டுக்கே வருவதில்லை. வேறு வேலைக்கு ஆகாத மனுசன், நாலு வருசமாக வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தவன், இப்போது காலை முதல் பொழுது சாயும் வரை தலைமடையில் குந்திக்கொண்டு, நடுங்குகிற கையால் பழைய வேட்டித் துண்டை வாய்க்காலில் நனைத்து நனைத்து வயலின் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தான். போட்ட துணி அரை மணியில் காய்ந்து மொடமொடவென்று ஆனது, அதை எடுத்து மறுபடி நனைத்தான். தையல்நாயகி சோற்றைக் கரைக்கே கொண்டுவந்து ஊட்டினாள். "எனக்கு ஊட்டுறியே, அது ரெண்டு நாளா ஒண்ணும் எறக்கல" என்றான். அவள் உடனே போய், சாணியும் கோமியமும் வெல்லமும் கடலைமாவும் சேர்த்துப் புளிக்கவைத்த ஜீவாமிர்தக் குடத்தைத் தூக்கி வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வயல் பாதியைக் குடித்தது, மீதி மேலேயே நின்றது.

பதினோராம் தேதி உரக்கடை சாம்பசிவம் வந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது; எங்கள் குழு ஆரம்பித்த பிறகு அவன் கடையில் ஈ ஓடுகிறது, அப்படியும் பார்க்க வந்தானே. வண்டியை விட்டு இறங்கியதும் வயல் நடுங்குவதை நிறுத்திவிட்டு அவன் பக்கமாகச் சாய்ந்தது. மூணு மா பயிரும் அவன் நின்ற திசைக்கு ஒரே சாயலாகச் சாய்ந்தது. தையல்நாயகி அவனுக்கும் வயலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"பாத்தியா, அதுக்கே தெரியுது என்ன வேணும்னு" என்றான் சாம்பசிவம். "அரை மூட்ட யூரியா, கூட ஒரு டோஸ் மருந்து. நாளைக்குக் காலைல எந்திரிச்சு உக்காந்துரும். யாருக்கும் தெரியப் போறதில்ல தங்கச்சி, நானே சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்து தர்றேன், எனக்கு நீ ஒண்ணும் தர வேணாம்."

"வேணாண்ணே."

"புடிவாதத்துல வயல சாவ உட்டுறாத."

"இவரும்தான் இப்படிக் கெடந்தாரு" என்று புருசனைக் காட்டினாள். "ஆஸ்பத்திரில பத்து நாளு. அப்ப யாராச்சும் இன்னொரு டோஸ் அடிச்சா எந்திரிச்சுருவாருன்னு சொன்னீங்களா?"

சாம்பசிவம் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஆனால் அவன் சொன்னது ஊரில் நின்றுவிட்டது. எங்கள் குழுவிலேயே எட்டுப் பேர் என்னிடம் தனித்தனியாக வந்து, ஒரே ஒரு தடவை போட்டால் என்ன நாடி, மண்ணுக்கடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார்கள். உள்ளுக்குள் எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் தேதி தையல்நாயகி ரேசன் கார்டு விசயமாகத் தாலுகா ஆபீஸ் போனாள், போனவள் சாயங்காலம்தான் வந்தாள். அன்றைக்குத்தான் வயலுக்கு ஜன்னி கண்டது. மடையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது என்கிறார்கள், நத்தைகள் கூட்டமாகக் கரையேறி வரிசையாக உட்கார்ந்துகொண்டன, பயிர் நுனி சுருண்டது. மறுநாள் காலை அவள் போய்ப் பார்க்கும்போது வயல் குளிர்ந்து கிடந்தது. வெயில் ஏறிய பிறகும் ஒவ்வொரு தாளிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது, மூச்சு சீராக வந்தது, அங்கங்கே தவளை கத்த ஆரம்பித்திருந்தது. கலியமூர்த்தி வரப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஜுரம் விட்ட செய்தி கேட்டு ஊரே வந்தது, வந்தவர்கள் வரப்பில் கிடந்த சாத்துக்குடியை உரித்துத் தின்றுகொண்டே, அவரவர் சொன்ன வைத்தியம்தான் கேட்டது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பயிர் தேறிய வேகம் இருக்கிறதே, பத்து நாளில் கரும்பச்சை, இருபது நாளில் கதிர் தள்ளி இடுப்பளவு நின்றது. மூன்று வருசத்தில் எங்களில் எவன் வயலும் அப்படி நிற்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நிம்மதி எத்தனை நாள் நீடிக்கும்? மார்கழி பதினேழாம் தேதி, வெளி ஆய்வாளர் வர இரண்டு நாள் இருக்கையில், உள் ஆய்வாளர் என்ற முறையில் நான் இருபத்தோரு குறிப்பேட்டையும் வாங்கிப் படித்துக்கொண்டு வந்தேன். பத்தொன்பது நோட்டு முடிந்தது. இருபதாவது தையல்நாயகியுடையது. கார்த்திகை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவள் கையெழுத்தில், பொடியாக, ஒழுங்காக: காய்ச்சல். காய்ச்சல். காய்ச்சல், ஜீவாமிர்தம் இரண்டு குடம். காய்ச்சல். அது எனக்குப் பயமில்லை, யார் படித்தாலும் வயலைக் காயவிட்டதாகத்தான் நினைப்பார்கள். பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். வேறு கையெழுத்து. ஒரு பக்கம் முழுக்க ஏறியும் இறங்கியும் கோணிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவுக்கு, நான்கே நான்கு வார்த்தை.

வயலுக்கு மருந்து கொடுத்தேன். கலியமூர்த்தி.

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். புருசன் பொண்டாட்டி இரண்டு பேரும் மாட்டுக்கொட்டகையில் இருந்தார்கள்.

"மாப்ளே, என்னத்தப் போட்ட வயல்ல?"

"மருந்து மச்சான்."

"என்ன மருந்துடா? சாம்பசிவம் குடுத்தானா?"

"அவன் எங்க குடுத்தான், நர்சம்மா குடுத்துச்சே, காச்ச மாத்தர" என்றான். "அட்டை முழுக்க மூணு வேளையாக் குடுத்தேன். சாப்பாட்டுக்கு அப்பறம்னு சொல்லுச்சு, அதனால முதல்ல ஜீவாமிர்தம் ஊத்தி, அரை மணி விட்டு, பொடி பண்ணித் தண்ணில கரைச்சு நெத்திப் பக்கமா ஊத்தினேன். எது போட்டாலும் நோட்டுல எழுதணும்னு தையலுதான் சொல்லும். அது ஊர்ல இல்ல, அதான் நானே எழுதினேன். தப்பா எழுதிட்டனா?"

தையல்நாயகிக்கு அப்போதுதான் விசயமே தெரிகிறது. அவள் புருசன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் விளக்கினேன். மாத்திரை என்றாலும் அது கம்பெனியில் செய்தது, எங்களுக்கு அனுமதித்த பட்டியலில் அது இல்லை. அதைவிட மோசம் அந்த வார்த்தை. மருந்து என்று எழுதியிருந்தால் படிக்கிறவர் என்ன மருந்தை நினைப்பார்? இருபத்தோரு குடும்பமும் போச்சு.

"ஒரு வார்த்த மாத்துனாப் போதும் தங்கச்சி" என்றேன். "மருந்தை அடிச்சுட்டு மோர்க்கரைசல்னு போட்டுருவோம். காய்ச்சல் காய்ச்சலாவே இருக்கட்டும்."

"அழிச்சிருங்க மச்சான்" என்றான் கலியமூர்த்தி. முகம் செத்துப்போயிருந்தது. "இருவது வருசம் ஊருக்கெல்லாம் மருந்தடிச்சேன், ஒருத்தன் நோட்டு கேக்கல. ஒரே ஒரு நாளு நெசமான மருந்தக் குடுத்தேன், அது இப்படியாயிருச்சு. என் கைராசி அப்படி. அழிச்சிருங்க."

நான் பேனாவைத் திறந்தேன். ம என்ற எழுத்தைப் பார்த்தேன். பெட்டி போட ஆரம்பித்து, கை நழுவி, மறுபடி போட்டு, பேப்பர் ஒரு இடத்தில் கிழிந்து, எத்தனை நேரம் பிடித்திருக்குமோ இந்த ஒரு வார்த்தைக்கு. நாலு வருசமாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவன். என் வயலில் விழுந்தவன்.

"அண்ணே, அத அழிக்காதீங்க" என்றாள் தையல்நாயகி. சத்தம் போடவில்லை, என் கையைப் பிடிக்கவுமில்லை. "மத்த வீடெல்லாம் கெடக் கூடாதுதான், எனக்கும் தெரியும். குழுவுலேர்ந்து எங்கள நீக்கிட்டு இருவது பேரா நில்லுங்க. ஆனா அவரு எழுதினத அழிக்க வேணாம்."

நீக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், கடைசி வருசத்தில் நீக்கினாலும் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டு, கோபத்தில் மாட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அழுதுகொண்டும் வந்தேன், அதை மறைப்பானேன்.

பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதரை பஸ்ஸில் ஆய்வாளர் வந்து இறங்கினார். பெயர் பெனிட்டா, நாகர்கோவில் பக்கம், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், தோளில் பை, காலில் ரப்பர் பூட்ஸ். யார் வீட்டிலும் காபி குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்று வயல் பார்த்துவிட்டு நாலாவதாகத் தையல்நாயகியின் வயலுக்கு வந்தார். குழு ஆட்கள் எல்லோரும் பின்னால் வந்து நின்றோம். கதிர் தலை சாயத் தொடங்கியிருந்தது. அவர் வரப்பில் கால் வைத்ததும் வயல் தொண்டையைச் செருமிக்கொண்டது. அவர் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, நோட்டைக் கேட்டு வாங்கினார்.

"ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் காய்ச்சல் விட்டிருக்கீங்க. நல்லது" என்றார். பக்கத்தைத் திருப்பினார். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தாம்மா" என்றான் கலியமூர்த்தி.

"என்ன மருந்து ஐயா?"

அவன் சட்டைப் பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினான். கை ஆடுகிற ஆட்டத்தில் அதை வாங்க அவருக்கு இரண்டு தரம் பிடிக்க வேண்டியிருந்தது. படித்துப் பார்த்தார்.

"இது காய்ச்சல் மாத்திரைல்லா?"

"காய்ச்சல்தானம்மா வந்துச்சு."

பெனிட்டா நோட்டைத் திரும்ப ஒன்பதாம் தேதிக்குத் திருப்பி, முதலிலிருந்து படித்தார். அப்புறம் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வயலில் இறங்கி நின்றார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். என்ன நினைத்தாரோ, எங்களில் யாருக்கும் அது தெரியாது. கரையேறும்போது முகம் மட்டும் மாறியிருந்தது.

"எத்தன டிகிரி இருந்துச்சு?"

"நூத்திரெண்டு. நர்சம்மா பாத்துச்சு."

"வேற ஏதும் செஞ்சு பாத்தீங்களா, மாத்திரைக்கு முன்னால?"

"மூணு நாளு ஈரத்துணி போட்டேம்மா. கேக்கல. நடுங்கிக்கிட்டே கெடந்துச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவர் பையிலிருந்து தலையணை மாதிரி ஒரு விதிப் புத்தகத்தை எடுத்து வரப்பில் உட்கார்ந்து புரட்டினார். பயிர்ப் பகுதியைத் தாண்டினார், இடுபொருள் பகுதியைத் தாண்டினார், எங்கேயோ பின்னால் போய் நின்றார். வாய்க்குள் படித்தார். பிறகு எங்களுக்குக் கேட்கிற மாதிரிப் படித்தார்: பண்ணையிலுள்ள உயிர் நோயில் துன்பப்படும்போது, இயற்கை முறை வைத்தியம் கேட்கவில்லை என்றால், சான்று போய்விடும் என்ற காரணத்துக்காக அதற்கு மருந்தை மறுக்கக் கூடாது.

"இது மாடு ஆட்டுக்குள்ள பக்கம்" என்றார். "ஆனா மாடு ஆட்டுக்கு மட்டும்னு எங்கயும் எழுதல. உயிருன்னுதான் இருக்கு."

யாரோ பின்னால் தும்மினார்கள், எங்களில் ஒருத்தர் இல்லை, வயல்தான்.

"இருங்க, இன்னும் முடியல" என்று கையைக் காட்டினார். "மருந்து குடுத்தா காத்திருப்பு நாள் உண்டு. பதினாலு நாள், எங்களுக்கு அதுல இரட்டிப்பு. இருபத்தெட்டு நாளுக்குள்ள அது தந்த பாலை எடுத்திருக்கக் கூடாது."

"வயல்ல ஏதும்மா பாலு" என்று நான் ஆரம்பித்தேன். ஆரம்பித்த வாய் அப்படியே நின்றது. நெல் பால் பிடிக்குமே. கதிர் வந்து மணிக்குள் பால் கட்டுமே. கார்த்திகை பதின்மூன்றுக்கு இருபத்தெட்டு நாள் என்றால் மார்கழி பன்னிரண்டு. அதற்கு முன்னால் பால் பிடித்திருந்தால் எல்லாம் போச்சு. நாங்கள் இருபது பேரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு நின்றோம், எவனுக்கும் அடுத்தவன் வயல் எந்தத் தேதியில் பால் பிடித்தது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் சொந்த வயலுக்கே தெரியவில்லை.

"என்னைக்குப் பால் புடிச்சுது?" என்று பெனிட்டா கேட்டார்.

"பதினாலாந்தேதி காலைல" என்றான் கலியமூர்த்தி.

"நிச்சயமா?"

"பதிமூணு சாயங்காலமும் நசுக்கிப் பாத்தேன், தண்ணியாத்தான் இருந்துச்சு. தெனம் பாப்பேன். நோட்டுல இருக்கும் பாருங்க."

அவர் நோட்டைப் புரட்டினார். அதைத்தான் நான் பதினேழாம் தேதி பார்க்கவில்லை, மருந்து என்ற வார்த்தையிலேயே என் கண் குத்தி நின்றுவிட்டது. கார்த்திகை பதின்மூன்றுக்குப் பிறகு நோட்டைத் தையல்நாயகியிடம் திருப்பிக் கொடுக்காமல் ஒரு நாள் விடாமல் அவன்தான் எழுதியிருந்தான். பக்கத்துக்கு இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. நல்லாத் தூங்குது. இருமல் இல்லை. தவளை வந்தது. மார்கழி பன்னிரண்டு: பால் இல்லை. பதின்மூன்று: பால் இல்லை. பதினாலு: பால் பிடித்தது. எழுத்து நாளுக்கு நாள் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்திருந்தது, பதினாலாம் தேதி ஒரு பக்கத்தில் நாலு வரி அடங்கும் அளவுக்கு வந்திருந்தது. அன்றைக்கு நான் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மோர் என்று எழுதியிருந்தால் இந்தப் பக்கங்களெல்லாம் பொய்ப் பக்கத்துக்குப் பின்னால் நின்றிருக்கும்.

பெனிட்டா எழுதிக்கொண்டிருந்த படிவத்தைத் திருப்பி, கால்நடை என்று தலைப்பு போட்ட பக்கத்தை எடுத்தார். அதில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது: பசு ஒன்று, இனம் உம்பளச்சேரி. அதற்குக் கீழே எழுதினார்: வயல் ஒன்று.

"இனம்?"

"தூயமல்லி" என்றாள் தையல்நாயகி. அது நெல்லின் பேர். அவர் அப்படியே எழுதினார்.

"பராமரிக்கிறவர்?"

தையல்நாயகி புருசனைப் பார்த்தாள். பெனிட்டா அவன் பேரை எழுதி, படிவத்தை அவன் முன்னால் நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். அவன் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் வைத்துப் போட்டான். நேரமானது. எங்களில் ஒருத்தரும் அவசரப்படவில்லை, பேனாவைப் பிடித்துக்கொடுக்க ஒருத்தரும் கை நீட்டவில்லை, ஆய்வாளரும் வேறெங்கும் பார்க்காமல் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டு முடித்து, படிவத்தை நீட்டினவன் பிடியை விடவில்லை.

"அப்ப நான் குடுத்தது மருந்துதானம்மா?"

"மருந்துதான் ஐயா" என்றார்.

கலியமூர்த்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இருபது வருசத்துக்கும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது. தையல்நாயகி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் சான்று தப்பித்தது என்றே யாருக்கும் உடனே தோன்றவில்லை, கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒருத்தர், "அப்ப சரி" என்றார், பெனிட்டா பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்தாவது வயல் எது என்று என்னைக் கேட்டார்.